சலேத் உறங்கிய ஆழம்

அலங்காரத்துறையில் ஒருவர் எவ்வளவு தூங்கினார் என்பதை அவரே வாயால் சொல்லித்தான் ஊர் தெரிந்துகொண்டிருந்தது. அதனால் அந்த ஊரில் யாருமே தூங்கியதில்லை. மகன் கப்பலுக்குப் போன தாய் தூங்கவில்லை, மகளுக்கு வரன் அமையாத தகப்பன் தூங்கவில்லை, கோயில் கொடியேறினால் இறங்கும்வரை கமிட்டிக்காரர்கள் கண்ணை மூடவில்லை, புருசனைக் கடலுக்குக் கொடுத்த பிலோமினா பதினோரு வருசமாக ஒரு பொட்டுத் தூக்கம் அறியவில்லை. சங்கு குளிக்கிற ஆண்கள் விடியுமுன் வள்ளமேறிப் பகல் இரண்டு மணிக்குக் கரை திரும்பி, சோறு தின்று படுத்து, ஐந்து மணிக்குப் பாய்த் தடம் பதிந்த கன்னத்தோடு எழுந்து வந்து, "சும்மா கண்ணை மூடிக் கிடந்தேன்" என்பார்கள். இப்படி ஒருவரும் தூங்காத ஊருக்குத்தான், தூக்கத்தின் ஆழத்தை அளக்கிற கருவி ஒரு மாசி மாதம் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியது.

ஒரு திரை, அதிலிருந்து கிளம்புகிற இருபத்தொரு கம்பி, அவ்வளவுதான். முடியை வகிர்ந்து வகிர்ந்து மண்டையில் பசை தடவி, கம்பிகளை ஒட்டி, ஆளைப் படுக்கவைத்துச் சன்னல் திரையை இழுத்துவிட்டால், மூளைக்குள் ஓடுகிற மின்சாரம் திரையில் அலையாக ஓடும். விழித்திருப்பவனின் அலை சின்னதாக, அவசரமாகத் துடிக்கும். தூக்கம் இறங்க இறங்க அலை உயர்ந்து, நீண்டு, நிதானிக்கும். அலை நிதானிக்க நிதானிக்கத் திரையின் மூலையில் ஓர் எண் ஏறும். அதை இயக்கத் தெரிந்தவர் பெர்க்மான்ஸ் ஒருவர்தான். ஐம்பத்து மூன்று வயது. சங்கு குளிக்கிற குடும்பத்தில் பிறந்தும், பத்தொன்பது வயதில் முதல்முறை இறங்கியபோதே காதில் ரத்தம் வழிய ஏறிவிட்டவர். அதன் பிறகு தலையைக் கடலில் நனைத்ததில்லை. படித்து டெக்னீஷியன் ஆகிவிட்டார்.

"இந்த எண் அடியும் இல்லை, மீட்டரும் இல்லை" என்று நரம்பு டாக்டர் கோமளவல்லி, வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றவர்களிடம் விளக்கினார். "மூளையோட அலையை வச்சு மெஷின் போடுற கணக்கு. இதுக்கு அலகு கிடையாது."

"அலகு இல்லாம எப்படி டாக்டரம்மா ஆழம்?" என்றான் சலேத். பெர்க்மான்ஸின் தங்கை டெக்லாவின் புருசன். சங்கு எடுக்கக் கடலில் மூழ்குகிறவர்களில், துறையிலேயே நல்ல குளியாள். திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கரையோரம்னா அலை இப்படித்தான் சின்னச் சின்னதா வெடுக்கு வெடுக்குனு அடிக்கும். ஆழத்துக்குப் போனா நீளமா, சோம்பேறித்தனமா வரும். இது கடல் கணக்குதான். பாகத்துலதான் சொல்லுது மெஷினு. என்ன மச்சான், சரிதான?"

இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். கடலின் ஆழத்தை அந்தத் துறையில் எந்தக் காலத்திலும் பாகத்தில்தான் சொல்வார்கள். வேறு அளவில் ஒன்றை ஆழம் என்று சொன்னால் அவர்களுக்கு நம்பிக்கை வராது. எனவே அன்று முதல் அது பாகம் ஆயிற்று.

மூன்றாம் நாள், குறட்டைக்காக அளக்க வந்த ஐஸ் கம்பெனிக் கஸ்பார் பதினாலு பாகத்தில் கிடந்தபோது, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி ரெஜினாள், இவர் இப்படிக் கிடக்கிறாரே என்று பயந்து, தன் ஜெபமாலையைப் புருசனின் மூடிய கைக்குள் செருகினாள். மணிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஐம்பத்து மூன்றும் போய், சிலுவை போய், மறுபக்கம் எதுவும் வரவில்லை. ரெஜினாள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. நாலரை மணிக்குக் கஸ்பார் கொட்டாவி விட்டு எழுந்து, சொட்டச் சொட்ட நனைந்த ஜெபமாலையை அவளிடம் நீட்டினார்.

"மேல இருந்து யாரோ இறக்குனாவ. பிடிச்சிக்கிட்டேன்" என்றார்.

ரெஜினாள் அதை முந்தானையில் துடைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "வெறும் வயித்துல எழும்பாதிய, டீ வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தூக்கம் ஆழமுள்ளது, அதற்குள் கயிறு இறங்கும், இறங்கியதைத் தூங்குகிறவர் பிடிப்பார் என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஊர் அதை இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. பழக முடியாமல் போனது வேறொன்று. பகல் இரண்டு மணிக்கு மேல் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயும் தலையணையுமாக ஆட்கள் வரிசையில் உட்கார்ந்தார்கள். பெர்க்மான்ஸ் சொல்கிற ஒவ்வொருவர் எண்ணும் வாசல்வரை கேட்டது. பதினோரு வருசமாகத் தூங்காத பிலோமினா, கம்பி ஒட்டிய ஏழாவது நிமிடத்தில் பதிமூன்று பாகத்தில் கிடந்தாள். எழுந்து எண்ணைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போனவள் ஒன்பது நாள் வெளியே வரவில்லை. பத்தாம் நாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவைத் தட்டி உள்ளே போய், "நல்லாத் தூங்குனது ஒரு பாவமா, மைனி? செத்தவரு வந்து கணக்கா கேக்கப்போறாரு?" என்று சொல்லி அவளைத் தெருக்குழாய்க்கு அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் படிப்போடு பாகத்தையும் கேட்டார்கள்: பன்னிரண்டுக்கு மேல் என்றால் வீடு தீப்பிடித்தாலும் எழும்பமாட்டான், ஐந்துக்குக் குறைவு என்றால் மனதில் எதையோ வைத்திருக்கிறான். பங்குச்சாமி, பிரசங்கத்தில் தூங்குகிறவர்களைக் கோயிலில் வைத்து அளக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். "அளந்தா நமக்குத்தான்யா அவமானம்" என்றார்.

எல்லோரையும் அளந்தவரை ஒருநாள் சலேத் பிடித்துப் படுக்கவைத்து, அவரிடமே கேட்டுக் கேட்டுக் கம்பி ஒட்டி அளந்தான். பெர்க்மான்ஸ் இரண்டரைப் பாகம்.

"முழங்கால் தண்ணி!" என்று சலேத் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "எங்க மச்சான் தூங்குற தண்ணியில நண்டுகூடப் பிடிக்கலாம்வே!"

பெர்க்மான்ஸும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம், தான் எதைப் பயந்து இப்படிக் கரையிலேயே கிடக்கிறோம், காதில் வந்த ரத்தத்தையா, அல்லது அதற்கும் முன்னால் தன்னிடம் இருந்த ஏதோ ஒன்றையா என்று யோசித்துக்கொண்டே போனார்.

சித்திரையில் கயிறு இறக்குவது வழக்கமாயிற்று. மனைவிகள் தூங்குகிற கணவனின் கைக்குள் நைலான் கயிற்றை விட்டு, அதன் நுனியில் எலுமிச்சம்பழமோ மறந்துபோன ஒரு கேள்வியை எழுதிய துண்டுச் சீட்டோ கட்டி இறக்கினார்கள். தூங்குகிறவர்கள் பதில் எழுதவில்லை, சீட்டு நனைந்து வந்தது, பழம் வரவில்லை. அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் வைகாசித் தொடக்கத்தில் ஒருவருக்குப் பதினாறு பாகம் இறக்கிய கயிறு, நடுவில் ஒரு முடிச்சோடு வந்தது. அது அந்தத் துறையில் யாரும் போடுகிற முடிச்சு இல்லை. தூங்கி எழுந்தவர், "நான் போடலையே" என்றார். அடுத்து இன்னொருவருக்குப் பதினேழில் இறக்கியபோது, ஒரே இடைவெளியில் மூன்று முடிச்சுகள் இருந்தன. கீழிருந்து யாரோ நீளத்தை அளந்து பார்த்ததுபோல. அன்று மாலையே குளியாட்கள் சங்கத் தலைவர் லெயோன் மொராயிஸ் கூட்டம் போட்டார். பதினைந்துக்குக் கீழே கயிறு இறக்கக் கூடாது, ஊரில் இதற்கென்று இருக்கிற கயிறெல்லாம் பதினைந்தில் நறுக்கப்பட வேண்டும் என்று முடிவாகியது. எல்லோரும் நறுக்கினார்கள். பதினைந்துக்கும் ஆழத்தில் தூங்குகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. முப்பது பாகத்துக்கு அப்பால் அந்தக் கடலில் தரை சரிந்து விழுந்துவிடும், அதற்குப் பிறகு எந்த ஈயக்குண்டும் எதையும் தொட்டதில்லை. தூக்கமும் அப்படித்தான் இருக்கும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

குளியாள் கடலுக்கடியில் மூச்சுவிடுவது வள்ளத்தில் ஓடுகிற கம்ப்ரஸர் காற்றில். அவன் வாயிலிருந்து மேலே வரும் குழாயையும் இடுப்பிலிருந்து வரும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் ஒருவன் நிற்பான். அந்த ஒருவன் மனைவியின் உடன்பிறந்தவனாக மட்டும்தான் இருக்க வேண்டும். தன் தங்கை தாலியறுப்பதைத் தாங்காதவன் கையில்தான் கயிறு இருக்க வேண்டும் என்பது துறையின் வழக்கம். பதினெட்டு வருசமாகப் பெர்க்மான்ஸ் ஆஸ்பத்திரியில் பிற்பகல் வேலைதான் வாங்கிக்கொண்டார். காலைகளில் மச்சானின் கயிறு அவர் கையில் இருந்தது. இந்த ஒரு கடமையில் அவர் கடலைத் தொட்டதும் இல்லை, விட்டதும் இல்லை. ஆனால் கருவி வந்த பிறகு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டாக்டர் காலையிலும் அளக்கச் சொன்னார். அவருக்கும், தான் சொல்லும் ஓர் எண்ணுக்காக ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதைப் பின்னால் அவர் தன்னிடம் மறைக்க முயலவில்லை. சலேத் கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டான்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கம்ப்ரஸரின் பெல்ட் அறுந்தது. கூலியாள் போனில் பேசிக்கொண்டிருந்தான். பதினோரு பாகத்தில் காற்று நின்றுபோன சலேத், நிதானமாக ஏற வேண்டியதை ஒரே மூச்சில் ஏறினான். மேலே வந்து ஒரு வார்த்தை பேசாமல் வள்ளத்தின் விளிம்பில் தலை சாய்த்தான். நகரத்துக்குக் கொண்டுபோய்க் காற்றழுத்தக் கூண்டில் வைத்தார்கள். ரத்தத்தில் இருந்த காற்றுக்குமிழி கரைந்தது, உடம்பு தேறியது, ஆள் எழும்பவில்லை. "தூக்கம் மாதிரிதான். எப்ப முழிப்பார்னு யாராலும் சொல்ல முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

பெர்க்மான்ஸ் மச்சானின் தலையில் பசை தடவினார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு அன்று அரைமணி நேரம் ஆயிற்று. திரையில் அலைகள் உயரமாக, மிக நீளமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மனிதர் மூச்சுவிட்டு வாங்கலாம் போல வந்தன. மூலையில் பதினாறு.

வாசலில் டெக்லா நின்றிருந்தாள். நாற்பத்தாறு வயதுப் பெண், சிறு பிள்ளைபோலக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு.

"எத்தனைண்ணே?"

பதினாறு என்று சொன்னால் கயிறு இறக்க விடமாட்டார்கள் என்பது ஒரு காரணம். அவள் முகம் இன்னொன்று. வாயில் வந்தது, அவன் கடைசியாகக் கடலில் இருந்த ஆழம். "பதினொண்ணு" என்றார்.

டெக்லா சிலுவை போட்டுக்கொண்டாள். "பதினொண்ணா. தினமும் இறங்குற தண்ணிதான அவுகளுக்கு. ஏறிருவாக."

அமாவாசை நீரோட்டத்தில் துறையில் யாரும் குளிக்க இறங்குவதில்லை. ஓட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். தூக்கத்துக்கும் அதுதான் சட்டம் என்று மொராயிஸ் சொன்னார், அமாவாசை ஓட்டம் அடங்கும்வரை, கயிறு இறக்க ஆறு நாள் பொறுக்கச் சொன்னார், பதினொன்றில் இருக்கிறவனுக்கு என்ன அவசரம் என்றார். மறுநாள் எண் பதினெட்டு. பெர்க்மான்ஸ் பதினொன்று என்றார். அதற்கடுத்த நாள் இருபது, பன்னிரண்டு என்றார். எண் நாளொன்றுக்கு இரண்டு பாகமாக ஏறிக்கொண்டே போக, அவர் திரையை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, டாக்டர் வருகிற நேரத்தில் டெக்லாவை எங்கே அனுப்புவது என்று தினமும் புதிதாகக் கற்றுக்கொண்டார். அறைக்குள் நுழைகிறவர்களுக்குக் காது அடைத்தது. கட்டிலருகில் பேசுகிறவர்களின் குரல், வாயை விட்டுக் கிளம்பிய பிறகு கொஞ்ச தூரம் நடந்து வருவதுபோல வந்தது. பகல் வெளிச்சம் சன்னல் வரை வெள்ளையாக வந்து, கட்டில் மேல் விழும்போது பச்சையாகியது. இதையெல்லாம் பார்த்தும் பன்னிரண்டு என்பதை ஊர் நம்பியது. பெர்க்மான்ஸ் சொன்ன எண் இதுவரை பொய்த்ததில்லை. ஒருவேளை தானாக ஏறிவிடுவான், ஏறிவிட்டால் இந்தப் பொய் நடந்ததே இல்லை என்றாகிவிடும் என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஊரிலேயே உண்மையான எண்ணைச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன், என் வீட்டு எண் என்று வந்ததும் நானும் பிலோமினாதானா என்றும் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டது அவரைப் பேசவைக்கவில்லை.

ஏழாம் நாள் நீரோட்டம் அடங்கியது. காலையில் எண் இருபத்தெட்டு.

பத்து மணிக்குச் சொந்தக்காரர்களும் சங்கத்துக்காரர்களும் அறையில் நிறைந்தார்கள். பதினைந்து பாகக் கயிறு வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வழக்கப்படி மச்சான்தான் பிடிக்க வேண்டும். பெர்க்மான்ஸ் சலேத்தின் மூடிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, நுனியை உள்ளே விட்டார். கயிறு ஆசையோடு போவதுபோலப் போனது. ஐந்து, எட்டு, பத்து என்று மொராயிஸ் எண்ணினார். பன்னிரண்டு என்றபோது டெக்லா முன்னால் வந்து நின்றாள். பதினைந்தில் கயிறு முடிந்தது. கடைசி முழத்தைப் பெர்க்மான்ஸ் பிடித்துக்கொண்டார். கீழே கயிறு சும்மா தொங்கி, லேசாக ஆடியது. அந்த ஆட்டம் அவர் மணிக்கட்டில் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னும் பதிமூன்று பாகத்தில் தன் மச்சான் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நிறுத்தினார்கள். பகல் ஒன்றரைக்கு டெக்லா, யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்:

"அவுகளுக்கு வர மனசில்ல."

"ஏய், என்னட்டி பேசுத?" என்றாள் ரெஜினாள்.

"கையெட்டுத தூரத்துல கயிறு ஆடுது மைனி. பிடிக்க மாட்டேங்காக. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில நான் சண்டை போட்டேன், அதான். கடலுக்குப் போற மனுசன்கிட்ட வாயைக் குடுத்தேன்." அவள் அழவில்லை. அதுதான் பெர்க்மான்ஸைப் பயமுறுத்தியது. "வேண்டாம்னு கிடக்கவுகளை எதுக்குக் கூப்புடணும். கயித்தை எடுத்துருங்கண்ணே. டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், கஞ்சி போற குழாயையும் எடுத்துரட்டும்."

அவள் குனிந்து சலேத்தின் நெற்றியில் ஒட்டியிருந்த கம்பி ஒன்றைப் பிய்க்கக் கைநீட்டினாள். அப்போதுதான் பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தார்.

"பன்னிரண்டு இல்ல, டெக்லா."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"வந்த அன்னைக்கே பதினாறு. இன்னைக்கு இருபத்தெட்டு. கயிறு எட்டல. மச்சானுக்கு வர மனசில்லாம இல்ல. நான்தான்... நான் பொய் சொல்லிட்டேன்."

டெக்லா அவரை அறைவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரும் நினைத்தார், எதிர்பார்த்தார் என்றுகூடச் சொல்லலாம். அவள் எழுந்து போய்த் திரையைத் தன் பக்கம் திருப்பி, எண்ணை நெடுநேரம் பார்த்தாள்.

"நாளைக்கு முப்பது தாண்டிரும்" என்றாள். பிறகு, அண்ணனின் பக்கம் திரும்பாமலே: "எங்கிட்ட எல்லாரும் பொய் சொல்லுவாவ. நீங்க சொன்னா மெஷினு சொன்ன மாதிரின்னு இருந்தேன்."

"பதினைஞ்சுக்குக் கீழ இறக்கக் கூடாதும்மா. சங்கத் தீர்மானம்" என்றார் மொராயிஸ். "கீழ இருக்கது நம்ம ஆளு மட்டும் இல்ல."

"உங்க பெஞ்சாதி கிடந்தா தீர்மானத்தை வாசிச்சுக்கிட்டா நிப்பிய?" என்றாள் டெக்லா.

மொராயிஸ் தொப்பியைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்தார். பிறகு வெளியே போய், தன் வீட்டுக் கயிற்றை எடுத்துவந்து, இரண்டு கைகளையும் விரித்து, ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிக்கு ஒரு பாகம் என்று சத்தமாக அளந்து காட்டினார். பதினைந்தும் பதினைந்தும் முப்பது; சேர்க்கிற முடிச்சுக்கு ஒரு பாகம் போக, இருபத்தொன்பது. கயிறு மறுபடியும் மூடிய கைக்குள் போனது. பதினைந்தைத் தாண்டியதும் எண்ணுகிறவர் குரல் தாழ்ந்தது. இருபதைத் தாண்டியதும் நின்றே போனது. கயிறு மட்டும் போய்க்கொண்டிருந்தது, குளிர்ந்துகொண்டே. கடைசி முழம் பெர்க்மான்ஸின் உள்ளங்கையைத் தொட்டு நின்ற அதே நேரத்தில், கீழே யாரோ பிடித்தார்கள். இரண்டு இழுப்பு.

"பிடிச்சாச்சு!" என்று ரெஜினாள் கத்தினாள். "இழுங்க!"

பெர்க்மான்ஸ் இழுத்தார். இருபத்தேழு, இருபத்தைந்து, இருபது என்று திரையில் எண் குறையக் குறைய அறை முழுவதும் சேர்ந்து கத்தியது. பதினாறில் ஆண்கள் அழுதார்கள். ஆனால் பதினெட்டு வருசம் ஒரே ஆளின் கயிற்றைப் பிடித்தவனுக்கு அந்த ஆளின் இழுப்பு அவன் குரலைப்போலத் தெரியும். சலேத் முதல் இழுப்பை நீளமாகவும் இரண்டாவதைச் சுண்டியும் விடுவான். இது அப்படி இல்லை. இரண்டும் ஒரே அளவாக, கேட்டுக் கேட்டு இழுத்ததுபோல இருந்தது. எண் குறைகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். தன் கையை யாரும் பார்க்க முடியாது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பத்தாவது பாகத்தில் அவர் இழுப்பதை நிறுத்தினார்.

"டெக்லா, இது மச்சான் இழுப்பு இல்ல."

ஒரு நொடி அவள் முகம் காலியானது. சுற்றியிருந்த கூச்சல் அடங்கியது. கயிறு அவர் கையில் கனத்துத் தொங்கியது. அந்தப் பக்கம் இருந்தவர், எவராயிருந்தாலும், அசையாமல் காத்திருந்தார்.

"விட்டா?" என்றாள்.

"விழுந்துருவாரு."

"அப்ப இழுங்க. பாதியில ஆளை விடுறது நம்ம துறையில இல்ல."

அவர் இழுத்தார். நான்கு, இரண்டு, பூச்சியம். சலேத்தின் கண்கள் திறந்தன. அந்தக் கண்கள் கூரையை, மின்விசிறியை, சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தன. டெக்லாவையும் அதே நிதானத்தோடு பார்த்துவிட்டு நகர்ந்தன.

"இது எந்தத் துறை?" என்று சலேத்தின் வாய், சலேத்தின் குரலில் இல்லாத ஒரு மரியாதையோடு கேட்டது.

"அலங்காரத்துறை" என்றார் மொராயிஸ், வெளியூர் வள்ளத்துக்காரனுக்குச் சொல்வதுபோல.

"ரொம்ப தூரம் வந்துட்டேன் போல." படுத்திருந்தவர் உதட்டை நனைத்துக்கொண்டார். டெக்லா தம்ளரில் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றினாள். அவர் குடித்து முடித்தார். "கயிறு எனக்கு வந்தது இல்லீங்க. அங்க ஒருத்தர் இருந்தாரு. அவர் தலைக்கு மேலதான் வந்து நின்னுச்சு. நான் அங்க கிடக்கிறது எத்தனை காலம்னு கேட்டாரு. தெரியலைன்னேன். அவரே என் கையைப் பிடிச்சு, இப்படி ரெண்டு தடவை இழுக்கணும்னு காட்டி, கயித்தைக் குடுத்துட்டாரு. நீங்க போங்க, மேல நிக்கது எங்க மச்சான், மறுபடி இறக்குவாருன்னு சொன்னாரு."

பெர்க்மான்ஸ் மடியில் இருந்த கையைப் பார்த்தார். கண் திறந்திருந்தது, வாய் பேசியது. அந்தக் கை மட்டும் இன்னும் மூடிக்கிடந்தது, தூங்குகிற கையின் கனத்தோடு. திரையில் எண் ஒரு நொடி பூச்சியத்தில் நின்றது, ஒரு நொடி வேறொன்றைக் காட்டியது, மறுபடி பூச்சியம், மறுபடி அது.

"அண்ணே" என்றாள் டெக்லா. "எத்தனை?"

"இருபத்தொன்பதரை."

அவர் ஏற்கெனவே கயிற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். படுத்திருந்த அந்நியர், தொந்தரவு கொடுக்க விரும்பாத விருந்தாளியைப்போலக் கட்டிலில் ஓரமாக நகர்ந்தார். "நான் இப்படி ஒதுங்கிக்கிறேன். உள்ள ரெண்டு பேருக்கு இடம் இருக்கும்" என்றார். இருபத்தொன்பது பாகமும் போனது. நுனி பெர்க்மான்ஸின் விரல்களில் வந்து நின்றது. கீழே எதுவும் பிடிக்கவில்லை. வேறு கயிறு எடுக்க ஓர் ஆள் ஓடினான். ஆனால் திரையில் அந்த எண் ஒவ்வொரு முறை வரும்போதும் முப்பதுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது.

அரைப் பாகம் என்பது ஒரு மனிதனின் ஒரு கை. பெர்க்மான்ஸ் சட்டைக் கையைச் சுருட்டவில்லை; அதற்கு நேரமில்லை. கயிற்றின் நுனியைப் பிடித்தபடியே விரல்களை மச்சானின் மூடிய கைக்குள் நுழைத்தார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. உள்ளே தண்ணீர், அவர் முப்பத்து நாலு வருசமாகத் தொடாத தண்ணீர், எலும்புவரை குளிர்ந்தது. காதில் பழைய வலி திறந்து, ஏதோ சூடாகக் கழுத்தில் வழிந்தது. தோள்வரை போய், கன்னம் கட்டில் விரிப்பில் அழுந்தி, அதற்கு மேல் போக முடியாமல் நின்றபோது, பின்னாலிருந்து டெக்லா அவர் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, சுவரில் காலை உந்தி நின்றாள்.

கீழே, ரொம்பக் கீழே, கயிறு அசைந்தது. ஒன்று, நீளமாக. இன்னொன்று, சுண்டி.

"இழு" என்றார் தங்கையிடம்.